பாடநூலாகும் ஏழைகள்: அயல்நாட்டுத் தன்னார்வப் பணி எழுத்துகள் பற்றி ஒரு திறனாய்வு

வளரும் நாடு ஒன்றிற்குச் சென்று, சில மாதங்கள் ஊதியமின்றிப் பணிபுரிந்து, ஊர் திரும்பிய பின் அங்குக் கற்ற வாழ்க்கைப் பாடங்களை எழுதுவது மேலை நாடுகளில் தனியோர் எழுத்து வகையாகவே நிலைபெற்றுவிட்டது. சபைகளுக்கு எழுதும் கடிதங்கள், தொண்டு நிறுவனங்களின் இதழ்கள், தனி நூல்கள் எனப் பல வடிவங்களில் அது வெளிவருகிறது. இவ்வெழுத்துகளில் உண்மையான உணர்வும் நன்றியும் உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் நல்ல நோக்கத்தோடு எழுதப்பட்டவை என்னும் ஒரே காரணத்தால் அவை பெரும்பாலும் திறனாய்வுக்குத் தப்பிவிடுகின்றன. அவற்றைச் சற்று நின்று வாசிப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வாய்வு ஆயர்களுக்கும் இறையியல் மாணவர்களுக்கும் எதற்கு என்று வாசகர் கேட்கலாம். காரணம் இரண்டு. முதலாவது, இவ்வெழுத்துகளில் 'தொலைதூர நாடு' எனப்படுவது பல வேளைகளில் நமது நாடே. அங்கு வரும் 'எளிய மக்கள்' நம் சபையாரும் அவர்தம் அயலாருமே. இரண்டாவது, கிராமப் பணிக்குச் சென்றுவரும் நம் மாணவர்களின் களப்பணி அறிக்கைகளும் இதே அச்சில்தான் வார்க்கப்படுகின்றன. ஐரோப்பாவிலிருந்து ஆறு மாதம் வந்து தங்கும் இளைஞனுக்கும், மாநகரக் கல்லூரி ஒன்றிலிருந்து பாகூர்க் கொம்யூனில் உள்ள ஒரு காலனிக்குப் பத்து நாள் செல்லும் மாணவனுக்கும் கடந்துவந்த தொலைவில் வேற்றுமை உண்டு. இருவர் எழுதுவதிலும் உள்ள வேற்றுமையோ மிகச் சிறிது.

எழுத்து வகையின் தோற்றமும் இலக்கணமும்

தன்னார்வப் பணியின் தொடக்கம் போற்றுதற்குரியது. முதல் உலகப் போரில் சிதைந்த பிரான்சின் வெர்தன் பகுதியில், 1920-ஆம் ஆண்டில், சுவிட்சர்லாந்துப் பொறியாளர் பியேர் செரெசோல் என்பவர், பகைவராயிருந்த நாடுகளின் இளைஞரை ஒன்றுகூட்டி ஊரைப் புதுப்பிக்கும் பணியைத் தொடங்கினார். 1934 ஜனவரி 15-இல் பீகாரைப் பெரும் நிலநடுக்கம் தாக்கியபோது அவர் இந்தியாவுக்கு வந்து கிராமங்களை மீண்டும் அமைக்கும் வேலையில் கைகொடுத்தார். பின்னர் 1958-இல் பிரிட்டனிலும், 1961-இல் 'பீஸ் கோர்' என்னும் பெயரில் அமெரிக்காவிலும் இளைஞரைக் கடல்கடந்து அனுப்பும் பெரிய அமைப்புகள் தோன்றின. பீஸ் கோர் தொண்டர் 1961 முதல் 1976 வரை இந்தியாவில் பணிபுரிந்தனர். செரெசோலின் காலத்தில் மண்வெட்டி பிடிப்பதே பணியாக இருந்தது. காலப்போக்கில் பணியைக் காட்டிலும் பணியாற்றியவரின் 'அனுபவம்' பெரிதாகப் பேசப்படலாயிற்று.

அவ்வனுபவ எழுத்துகளின் அமைப்பை மூன்று படிகளாகப் பிரிக்கலாம். முதற்படி அதிர்ச்சி: வெயில், நெரிசல், வறுமை. இரண்டாம் படி வியப்பு: ஒன்றுமில்லாத இம்மக்கள் எவ்வளவு மகிழ்ச்சியோடு வாழ்கின்றனர், எவ்வளவு அன்போடு விருந்தளிக்கின்றனர்! மூன்றாம் படி மனமாற்றம்: எழுதுபவர் தம் நாட்டு வாழ்வின் மிகுதியை உணர்ந்து, பொறுமை, எளிமை, நன்றி ஆகிய பண்புகளைப் பெற்றவராய் வீடு திரும்புகிறார். அத்துடன் கட்டுரை முடிந்துவிடுகிறது.

இதன் வாக்கிய அமைப்பையும் நோக்குவோம். எழுவாய் எப்போதும் வந்தவரே. 'அவர்களுக்குக் கற்பித்தேன்', 'அவர்களிடமிருந்து கற்றேன்', 'அவர்களை மறவேன்' என்று ஊரார் எங்கும் வேற்றுமை உருபு ஏற்ற சொற்களாகவே வருகின்றனர். அவர்கள் தாமே எழுவாயாகி ஒரு வினையைச் செய்து முடிக்கும் வாக்கியத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். தாழ்மையோடு கூறப்படும் 'நான் கொடுத்ததைவிடப் பெற்றதே மிகுதி' என்னும் கருத்தும் இவ்விலக்கணத்தை மாற்றுவதில்லை. பெற்றது மிகுதியானால் கொடுத்தவர் யார், அவருக்கு அதனால் நேர்ந்த செலவு என்ன, அதன் பின் அவர் நிலை என்ன ஆயிற்று என்பவை கூறப்படாமலே போகின்றன.

வில்லியனூரும் பாகூரும்

இவ்வெழுத்து வகையைப் புதுச்சேரியின் வில்லியனூர், பாகூர்க் கொம்யூன்களில் வைத்துச் சோதித்துப் பார்க்கலாம். புதுச்சேரி நகருக்கும், 1968 பிப்ரவரி 28-இல் தொடங்கப்பெற்ற ஆரோவிலுக்கும் அயல்நாட்டார் ஆண்டுதோறும் வருகின்றனர். 2004 டிசம்பர் 26-இல் நிகழ்ந்த ஆழிப்பேரலைக்குப் பின் இக்கடற்கரை ஊர்களுக்கு உதவிசெய்ய வந்தவரும் பலர். அவர்கள் கண்ணுக்கு நகரைச் சூழ்ந்த வயல்வெளியும் ஏரிக்கரையும் 'எளிய கிராமப்புறம்' என்னும் ஒரே சொல்லில் அடங்கிவிடக் கூடும். ஆனால் இவ்வூர்கள் ஒருவர் வந்து கண்டுபிடிக்கும் வரை காத்திருந்த ஊர்கள் அல்ல.

பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் எட்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்த பாகூர்ச் செப்பேடுகள், பாகூரில் இருந்த வித்தியாஸ்தானம் என்னும் உயர்கல்வி நிலையத்திற்கு மூன்று ஊர்களின் வருவாய் அளிக்கப்பட்டதைத் தெரிவிக்கின்றன. ஒன்பதாம் நூற்றாண்டிலேயே கல்வி நிலையம் பெற்றிருந்த ஊருக்குத்தான் இன்று 'கற்பிக்க' வருகிறோம் என்பதை வருபவர் அறிந்திருப்பது நன்று. ஆயினும் நாம் அதனோடு நின்றுவிடலாகாது. அம்மூன்று ஊர்களின் வயல்களில் நாற்று நட்டவர்களின் பிள்ளைகளுக்கு அந்நிலையத்தில் இடம் இருந்ததா? கொடுத்தவரையும் பெற்றவரையும் பெருமையாகப் பேசும் அவ்வாவணம், உழைத்தவர் யார் என்பதைப் பேசுவதில்லை. இவ்வகையில் பழைய செப்பேட்டுக்கும் தன்னார்வத் தொண்டரின் கடிதத்துக்கும் ஒற்றுமை உண்டு.

பாகூர் ஏரிக்குத் தென்பெண்ணையாற்றின் நீரைக் கொண்டுவருவது பங்காரு வாய்க்கால். பங்காரு, சிங்காரி என்னும் இரு நடனப் பெண்களின் பெயரோடு அதனை இணைத்துப் பேசுவது ஊர் வழக்கு. எந்த மதகை எப்போது திறப்பது, கடைமடைக்கு நீர் எத்தனை நாளில் சேரும், யார் வயலுக்கு யார் வயல் வழியாக நீர் பாயும் என்பவை தலைமுறை தலைமுறையாகக் காக்கப்பட்ட அறிவு. அதேவேளையில் சாதியும் நில உடைமையும் ஆழமாகக் கலந்துவிட்ட அறிவுமாகும். ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடு 1999-இல் தொடங்கப்பட்ட புதுச்சேரி ஏரிச் சீரமைப்புத் திட்டமும், வெளியிலிருந்து பணம் வந்தது போதும் என்று இராமல், ஏரிப் பயனாளர் சங்கங்களை அமைத்தே நடக்க வேண்டியிருந்தது.

மேலும், வந்தவரைப் பற்றித் தீர்ப்புக் கூறிய வரலாறும் இம்மண்ணுக்கு உண்டு. வில்லியனூர்க் கொம்யூனைச் சேர்ந்த கீழூரில் 1954 அக்டோபர் 18-ஆம் நாள் கூடிய 178 மக்கள் பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவோடு இணைவதற்கு வாக்களித்தனர். நவம்பர் 1-ஆம் நாள் பிரெஞ்சு ஆட்சி இந்தியாவின் கைக்கு மாறியது. நம்மிடையே வந்து தங்கியவர் என்ன செய்தார், இனி எந்த உறவில் அவரோடு நிற்பது என்று முடிவுசெய்யும் தகுதி இம்மக்களுக்கு உண்டு என்பதற்குக் கீழூர் நினைவிடம் சான்றாக நிற்கிறது.

அயல்நாட்டுக்குச் சென்று உழைப்பதும் இப்பகுதித் தமிழருக்குப் புதிதன்று. பிரெஞ்சுக் குடியேற்ற நாடுகளில் 1848-இல் அடிமைமுறை ஒழிக்கப்பட்டபின், கரும்புத் தோட்டங்களுக்கு வேறு கைகள் தேவைப்பட்டன. புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்களிலிருந்து தமிழர் ஒப்பந்தக் கூலிகளாக ரீயூனியன், மர்த்தினீக், குவாதலூப் தீவுகளுக்குக் கப்பலேற்றப்பட்டனர். அவர்களும் கடல்கடந்தனர்; அறியாத மொழியினரிடையே வாழ்ந்தனர்; பொறுமையும் கற்றிருப்பர். ஆனால் அவர்கள் கற்ற வாழ்க்கைப் பாடங்களை எழுதித் தருமாறு எவரும் கேட்கவில்லை. இங்கே ஒரு கேள்வி எழுகிறது. அயல்நாட்டில் பெற்ற அனுபவம் எப்போது 'வாழ்க்கைப் பாடம்' எனப்படுகிறது, எப்போது வெறும் 'பிழைப்பு' எனப்படுகிறது? திரும்பிச் செல்லும் பயணச்சீட்டு எவர் கையில் இருக்கிறதோ அவருடைய அனுபவமே பாடம் என்னும் பெயரைப் பெறுகிறது. இவ்வேற்றுமையை மறந்து எழுதப்படும் எந்த நன்றியுரையும் அரைகுறையானதே.

ஒரு நேர்மையான நூல்

தாழ்ந்த சான்றுகளைக் கொண்டு ஓர் எழுத்து வகையை மதிப்பிடுவது முறையன்று. ஆகவே இவ்வகையின் சிறந்த நூல் ஒன்றைக் காண்போம். அமெரிக்க உழவரான மாரிட்ஸ் தாம்சன், தம் நாற்பத்தெட்டாம் வயதில் பீஸ் கோரில் சேர்ந்து, தென்னமெரிக்காவின் எக்குவடோர் நாட்டுக் கடலோரச் சிற்றூர் ஒன்றில் பணிபுரிந்தார். அவ்வனுபவத்தை 'லிவிங் புவர்' என்னும் நூலாக 1969-இல் வெளியிட்டார். ஏழையாய் வாழ்தல் என்பது அதன் பொருள்.

கோழி வளர்ப்பும் கூட்டுறவும் அவர் மேற்கொண்ட திட்டங்கள். ஒருவர் முன்னேறினால் அயலார் பொறாமை கொள்வதையும், கூட்டுறவுக்குள் பூசல் எழுவதையும், தம் திட்டங்கள் சரிவதையும் அவர் மறைக்காமல் எழுதுகிறார். நூலின் ஆழமான பகுதி பசியைப் பற்றியது. அயலார் 'சோம்பல்' என்று எளிதாகப் பெயரிடுவது, போதிய உணவில்லாத உடலின் தளர்ச்சியே என்பதை அவர் அவ்வூர் வாழ்விலிருந்து அறிந்துகொள்கிறார். இது புத்தகத்தில் படித்த கொள்கையாக வராமல், உடலால் கற்ற உண்மையாக வருகிறது. அவர் பின்னர் எக்குவடோரையே தம் நாடாக்கிக்கொண்டு, 1991-இல் அங்கேயே உயிர்நீத்தார் என்பதும் குறிப்பிடத்தக்கது.

நம் மாணவர்களின் அறிக்கைகளைப் பல ஆண்டுகளாக வாசித்துவரும் ஆசிரியன் என்ற முறையில், தாம்சனின் இவ்வொரு கண்டுபிடிப்பை அவர்கள் முன் வைக்க விரும்புகிறேன். 'இம்மக்களின் வறுமைக்குக் காரணம் குடிப்பழக்கமும் சோம்பலுமே' என்னும் வாக்கியம் ஏதேனும் ஒரு வடிவில் அவ்வறிக்கைகளில் மீண்டும் மீண்டும் வருகிறது. குடி கேடு விளைப்பதை எவரும் மறுக்கவில்லை. ஆனால் அதே அறிக்கையில், ஆண்டில் எத்தனை நாள் வயலில் வேலை கிடைக்கிறது, ஆணுக்கும் பெண்ணுக்கும் கூலி எவ்வளவு, அறுவடை இயந்திரம் வந்தபின் குறைந்த வேலைநாட்கள் எத்தனை, காலனியார் பெயரில் எவ்வளவு நிலம் உள்ளது என்னும் நான்கு கேள்விகளுக்கு விடை காணப்படுவதில்லை. பாகூரின் நெல் வயலில் நாள் முழுவதும் குனிந்து நடவு நட்டுவந்த பெண் மாலையில் திண்ணையில் சாய்ந்திருப்பதைக் கண்டு, 'இங்குக் காலம் மெல்ல நகர்கிறது, இவர்களிடம் அமைதியைக் கற்றேன்' என்று எழுதுவது இரக்கமற்ற செயலாகும். அவளது களைப்பு அவன் ஏட்டில் ஞானமாகிவிடுகிறது.

இத்தனை சிறப்பிருந்தும் தாம்சனின் நூலுக்கும் ஓர் எல்லை உண்டு. அவ்வூர் மக்கள் நம்மிடம் பேசுவது அவர் வாய் வழியாகவே. அவரைப் பற்றி அவர்கள் என்ன எண்ணினர், தம் வாழ்வை அவர்கள் எவ்வாறு சொல்லியிருப்பர் என்பதை அறிய நமக்கு வேறொரு நூல் வேண்டும். அத்தகைய நூல் ஒன்று புதுச்சேரிக் கிராமப்புறத்திலேயே பிறந்திருக்கிறது.

வீரம்மாவின் சொற்கள்

புதுச்சேரிக்கு அருகிலுள்ள ஒரு சிற்றூரில் வாழ்ந்த தலித் பெண் வீரம்மா. நிலவுடைமையாளரான ரெட்டியாரின் பண்ணையில் வயல்வேலை செய்தவர், மருத்துவச்சி, பாடுவதில் பெயர்பெற்றவர், பெற்ற பிள்ளைகளில் பலரைப் பறிகொடுத்தவர். தமிழ் வழிவந்தவரும் இசை ஆய்வாளருமான ஜோசியான் ரசீன் அவ்வூருக்குச் சென்று, ஏறத்தாழப் பத்தாண்டுக் காலம் அவரோடு உரையாடினார். அவ்வுரையாடல்களிலிருந்து, ஜோசியானும் அவர் கணவர் ழான்-லூக் ரசீனும் தொகுத்த வாழ்க்கை வரலாறு, 1990-களின் நடுவில் பிரெஞ்சிலும், 1997-இல் ஆங்கிலத்திலும் வெளிவந்தது. பிரெஞ்சுப் பதிப்பின் துணைத்தலைப்புக்கு 'அடிமைப்பட்டோரின் சிரிப்பு' என்பது பொருள்.

அத்துணைத்தலைப்பே தன்னார்வ எழுத்தின் இரண்டாம் படிக்குத் தக்க மறுமொழியாகும். 'ஒன்றுமில்லாமலே சிரிக்கும் மக்கள்' என்று வந்தவர் வியக்கிறார். வீரம்மாவும் சிரிக்கிறார். ஆனால் அச்சிரிப்புக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதை அவரே சொல்கிறார். சிறுவயதில் முடிந்த மணம், பிள்ளைப்பேறும் பிள்ளைச் சாவும், பேய் பிசாசுகளின் அச்சம், ஆண்டையின் முன் நிற்கும் முறை, உடலின்பம் பற்றிய ஒளிவுமறைவற்ற கேலி ஆகிய யாவும் அதனுள் அடங்கியிருக்கின்றன. சிரிப்பு அங்கு மனநிறைவின் அடையாளமாக மட்டும் இல்லை. அது தாங்கிக்கொள்ளும் வழியாகவும், சில வேளைகளில் மேலே உள்ளவரை அளந்துபார்க்கும் வழியாகவும் அமைகிறது. ஊரார் நம்மைப் பார்த்துச் சிரிக்கும்போது, நம்மைக் கண்ட மகிழ்ச்சியால் சிரிக்கின்றனரா, நம்மைக் குறித்தே சிரிக்கின்றனரா என்று கேட்க இந்நூல் நமக்குக் கற்பிக்கிறது.

இந்நூலின் மற்றொரு சிறப்பு, வீரம்மா நாம் கேட்க விரும்புவதையெல்லாம் பேசுவதில்லை என்பது. விடுதலை இறையியலைப் பயிலும் மாணவர், தலித் பெண் ஒருவரின் வாயிலிருந்து எதிர்ப்புக் குரலை எதிர்பார்த்து இந்நூலைத் திறக்கலாம். அவரோ சாதி அடுக்கைப் பல இடங்களில் விதியென ஏற்றுப் பேசுகிறார். அடுத்த தலைமுறை அவ்வாறு பேசவில்லை. மகனின் நோக்கு வேறாக இருக்கிறது. தொகுப்பாளர் இம்முரண்பாட்டைச் செப்பனிட்டு ஒழுங்குபடுத்தாமல் விட்டுவைத்தது நூலின் நேர்மை. தம் பாடத்திற்கு ஒத்துவராததையும் கேட்டு எழுதுபவரே உண்மையில் கேட்டவர் ஆவார்.

ஆயினும் இந்நூலும் குறை கூறலுக்கு அப்பாற்பட்டதன்று. பேசியவர் வீரம்மா, எதை முன்வைப்பது, எதைப் பின்வைப்பது என்று தீர்மானித்தவர் தொகுப்பாளர். தமிழில் சொல்லப்பட்ட வாழ்க்கை முதலில் பிரெஞ்சு வாசகரையும் பின்னர் ஆங்கில வாசகரையும் சென்றடைந்தது. சொன்னவரோ எழுத்தறியாதவர். பத்தாண்டுப் பொறுமையும் மொழியறிவும் நட்பும் உடையவரிடத்திலேயே இத்தகைய இடைவெளி எஞ்சுமானால், மொழியறியாமல் மூன்று மாதம் தங்கியவர் எழுதும் 'பாடங்களின்' நிலை என்ன என்பதை வாசகரே ஊகித்துக்கொள்ளலாம்.

இல்லிச்சும் அசரியாவும்

தன்னார்வப் பணியைக் கடுமையாகச் சாடிய உரைகளுள் புகழ்பெற்றது, இவான் இல்லிச் 1968 ஏப்ரல் 20-இல் மெக்சிகோவின் குவர்நவாக்காவில் ஆற்றியதாகும். கோடை விடுமுறையில் மெக்சிகோவின் ஊர்களுக்குத் தொண்டு செய்ய முனைந்த அமெரிக்க மாணவர்களிடம், அவர்களது நல்லெண்ணமே ஊறு விளைவிப்பது என்றும், மொழியும் அறியாமல் பிறர் வாழ்வில் நுழைவது வன்மம் என்றும் அவர் முகத்துக்கு நேரே கூறினார். பார்க்க வாருங்கள், பயில வாருங்கள், உதவ வராதீர்கள் என்பது அவருடைய முடிவு.

இல்லிச்சின் துணிவு வியக்கத்தக்கது. எனினும் அவர் திறந்துவிட்ட வாயில் வழியாகவே இன்றைய வாழ்க்கைப் பாட எழுத்து நுழைந்திருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. உதவுகிறேன் என்று சொல்லக் கூசும் இன்றைய இளைஞர், கற்க வந்தேன் என்கிறார். உதவி பெறும் பொருளாக இருந்த ஏழை, இப்போது கற்றலுக்குரிய பொருளாகிவிட்டார். முன்பு அவர் கையேந்தி நின்றார். இன்று பாடநூலாகத் திறந்து கிடக்கிறார். நூல் வாசிப்பவரைத் திரும்பிப் பார்ப்பதில்லை, கேள்வி கேட்பதுமில்லை. ஆகவே 'உதவி' என்னும் சொல்லை நீக்கிக் 'கற்றல்' என்னும் சொல்லைப் பெய்வதால் மட்டும் உறவு நேராகிவிடாது.

இவ்விடத்தில், இல்லிச்சுக்கு ஏறத்தாழ அறுபதாண்டுகளுக்கு முன் பேசிய ஒரு தமிழரை நினைவுகூர்தல் தகும். வெள்ளாளன்விளையில் 1874-இல் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா, 1910-ஆம் ஆண்டு எடின்பரோவில் கூடிய உலக அருட்பணி மாநாட்டில், அயல்நாட்டு ஊழியருக்கும் உள்நாட்டு ஊழியருக்கும் இடையே நின்ற சுவரைப் பற்றிப் பேசினார். ஈகமும் அறமும் அன்பும் நிறைந்த ஊழியரிடத்திலும் ஒன்று குறைவுபடுவதை அவர் கண்டார். அது நட்பு. அவர் கேட்டது பணத்தையுமன்று, மேன்மக்களின் தாழ்மையையுமன்று. சரிசமமாய் அமர்ந்து உண்ணும் தோழமையை. அக்கூட்டத்தில் பலர் அப்பேச்சை விரும்பவில்லை.

அசரியா இதனை வெளியில் நின்று பேசவில்லை என்பது ஈண்டு நோக்கத்தக்கது. 1903-இல் திருநெல்வேலியில் இந்திய மிஷனெரி சங்கம் தோன்றக் காரணமானவர்களுள் ஒருவர் அவர். 1909-இல் தாமே தோர்ணக்கல் பகுதிக்குச் சென்று, தெலுங்கு கற்று, தெலுங்கு மக்களிடையே அயலாராய் வாழ்ந்தவர். அயலிடத்தில் பணிசெய்வதன் இடரையும் அவர் அறிவார். அயலாரின் பணிக்கு உட்படுவதன் வலியையும் அறிவார். இரு நிலைகளையும் உடலால் அறிந்தவர் கேட்டது நட்பைத்தான். நட்பில் இருவரும் எழுவாய். நண்பன் நண்பனைத் திருத்துவான், வேண்டாம் என்று மறுப்பான், கணக்குக் கேட்பான். பாடநூல் இவற்றுள் எதையும் செய்யாது.

ஆண்டவர் எழுபது பேரை அனுப்பியபோது பணப்பையும் பையும் இன்றி அனுப்பியதையும், முன்வைக்கப்பட்டதை உண்ணுமாறு பணித்ததையும் லூக்கா பத்தாம் அதிகாரம் கூறுகிறது. அனுப்பப்பட்டவர் முதலில் ஊராரின் விருந்தினராய் நிற்க வேண்டும். ஊரார் ஏற்கவும் மறுக்கவும் உரிமையுடையவர். சமாரியப் பெண்ணிடத்தில் ஆண்டவரே முதலில் தண்ணீர் கேட்டவராய் நின்றார். அப்பெண்ணோ உடனே மொண்டு கொடுத்துவிடவில்லை. யூதனான நீர் என்னிடம் எப்படிக் கேட்கலாம் என்று சாதிக் கேள்வியை எழுப்பினாள். அக்கேள்விக்கு இடமளித்த உரையாடலாக இருந்ததனாலேயே அது இன்றும் நம் முன் நிற்கிறது.

ஊராரே எழுவாயாகும்போது

வெளியுலகோடு கொள்ளும் உறவு நேராக அமைவதற்குப் புதுச்சேரிக் கிராமங்களிலேயே ஒரு சான்று உண்டு. எம். எஸ். சுவாமிநாதன் ஆய்வு நிறுவனம், கனடா நாட்டு நிறுவனம் ஒன்றின் பொருளுதவியோடு, 1998-இல் வில்லியனூரை மையமாகக் கொண்டு கிராமத் தகவல் நிலையங்களைத் தொடங்கியது. பணமும் கருவியும் வெளியிலிருந்து வந்தன. இடம் தந்தவர் ஊரார். நிலையத்தை நடத்திய தன்னார்வலர், பெண்கள் உட்பட, அவ்வூர்களைச் சேர்ந்தவர்களே. கரையோர ஊர்களில் அலையின் உயரம் ஒலிபெருக்கி வழியே மீனவர்க்கு அறிவிக்கப்பட்டது.

2004 டிசம்பர் 26 காலையில் நல்லவாடு என்னும் மீனவ ஊரில் நிகழ்ந்தது பலரும் அறிந்த செய்தி. சிங்கப்பூரில் வேலைபார்த்துவந்த அவ்வூர் இளைஞர் ஒருவர், ஆழிப்பேரலைச் செய்தியை அறிந்து வீட்டுக்குத் தொலைபேசியில் கூறினார். செய்தி தகவல் நிலையத்தின் ஒலிபெருக்கியில் அறிவிக்கப்பட்டது. மக்கள் கரையை விட்டு விலகினர். உயிர்கள் காக்கப்பட்டன.

இந்நிகழ்ச்சியில் அயல்நாடு இருக்கிறது. அயல்நாட்டுப் பணம் இருக்கிறது. கடல்கடந்து உழைப்பவர் ஒருவரும் இருக்கிறார். ஆனால் கடல்கடந்தவர் அவ்வூர்ப் பிள்ளை. குரல் கொடுத்ததும் செவிகொடுத்ததும் அவ்வூர் மக்கள். அந்தச் சிங்கப்பூர் இளைஞரின் அயல்நாட்டு வாழ்வு என்ன பாடம் கற்பித்தது என்று யாரேனும் நூல் எழுதினால், அதனை நான் முதலில் வாங்கி வாசிப்பேன். அந்நூலில் ஊர் பின்னணிக் காட்சியாக வராது. அவர் யாருக்காகத் தொலைபேசியை எடுத்தாரோ அவர்களே அதன் எழுவாயாக இருப்பர்.

நம் அறிக்கைகளுக்குச் சில அளவுகோல்கள்

தன்னார்வப் பணியை விட்டுவிட வேண்டும் என்பது இக்கட்டுரையின் முடிவன்று. அயலாரைக் காணாத திருச்சபை தன் முகத்தையே கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருக்கும். ஆனால் அப்பணியிலிருந்து பிறக்கும் எழுத்தை, அது அயல்நாட்டுத் தொண்டரின் கடிதமாயினும் நம் மாணவரின் அறிக்கையாயினும், சில கேள்விகளைக் கொண்டு சோதித்த பின்னரே ஏற்க வேண்டும்.

முதலாவது, ஊரார் பேசுகின்றனரா? எழுதியவரின் கருத்துக்கு மாறாகப் பேசும் ஒருவரேனும் அதில் இடம்பெற்றுள்ளாரா? இரண்டாவது, வறுமைக்குக் காரணம் கூறப்பட்டுள்ளதா? நிலம், கூலி, நீர், சாதி ஆகிய நான்கில் ஒன்றையும் தொடாமல் வறுமையைப் பேசும் அறிக்கை, நோயின் பெயரைச் சொல்லாமல் நோயாளியின் பொறுமையைப் புகழும் மருத்துவரைப் போன்றது. மூன்றாவது, விருந்தின் செலவு கணக்கிடப்பட்டுள்ளதா? பத்து நாள் மாணவனுக்குச் சோறிட்ட வீட்டில் அந்நாட்களில் யார் குறைத்து உண்டார் என்பதைக் கேட்டறியாதவன் அவ்வீட்டின் அன்பைப் பற்றி எழுதத் தகுதியற்றவன். நான்காவது, எழுதியது ஊராரிடம் திரும்பச் சென்றதா? தமிழில், அவர்கள் அறியும் சொற்களில், அவர்கள் முன்னிலையில் அது வாசிக்கப்பட்டதா? அவர்கள் திருத்தியவை ஏற்கப்பட்டனவா?

இந்நான்காம் கேள்வியை நம் கல்லூரிகள் எளிதாகவே நடைமுறைப்படுத்தலாம். களப்பணி அறிக்கையை ஆசிரியரிடம் ஒப்படைக்கும் முன், மாணவன் அதே ஊருக்கு ஒருமுறை திரும்பிச் சென்று, காலனியில் பெரியவர்களையும் பெண்களையும் கூட்டி, முழுவதையும் உரக்க வாசிக்கட்டும். அவர்கள் 'இது அப்படியல்ல' என்று சொல்லும் இடங்களை ஓரத்தில் குறித்துக்கொண்டு வரட்டும். மதிப்பெண் இடும் ஆசிரியர், மாணவனின் எழுத்தைக் காட்டிலும் அவ்வோரக் குறிப்புகளை முதலில் படிக்கட்டும். ஒரு குறிப்பும் இன்றித் திரும்பும் அறிக்கையை, ஊரார் மனந்திறந்து பேசும் அளவுக்கு அம்மாணவன் இன்னும் அவர்களுக்கு நண்பனாகவில்லை என்பதற்கு அடையாளமாகக் கொண்டு, அவனை மீண்டும் ஒருமுறை அவ்வூருக்கே அனுப்பிவைக்கலாம்.